தவளைக்குத் தீன் வாங்கிய கதை: டவுன் கடை, கொழும்புப் பார்சல், காத்தான்குடி நானா

மட்டக்களப்பில் இருந்துகொண்டு வீட்டில் தவளை வளர்க்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு "மாரி மழைக்குக் கிணத்தடியில வந்து நிக்கிறது காணாதா" என்று கேட்பார்கள். நான் வைத்திருப்பது கிணற்றடித் தவளை இல்லை, தென் அமெரிக்கப் பக்மன் தவளை. உள்ளங்கை அகலத்தில் வாயும் அதற்குப் பின்னால் மிச்ச உடம்புமாக ஒரு குண்டன். பெயரும் குண்டன்தான். கொழும்பில் வளர்ப்பவர் ஒருவரிடம் சின்னக் குஞ்சாக வாங்கியது, இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. ஒழுங்காகப் பார்த்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள், அந்த "ஒழுங்காக" என்ற சொல்லில்தான் என் காசெல்லாம் போகிறது.

இந்த ஒன்றரை வருடத்தில் மூன்று இடங்களில் இவனுக்குத் தீன் வாங்கிப் பார்த்துவிட்டேன். கல்லடி, ஆரையம்பதி, கல்முனைப் பக்கம் ஓந்தி, தவளை, அரோவானா மீன் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் எங்கே வாங்குகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

முதலில் டவுனில் உள்ள மீன்தொட்டிக் கடை. பெயர் போடவில்லை, போட்டால் நாளைக்கு மீன் வாங்கக்கூட அங்கே போக முடியாது. முதல் நாள் போய் "கிரிக்கெட் இருக்கா" என்று கேட்டேன், நின்ற பொடியன் ஒன்றும் யோசிக்காமல் எதிரில் உள்ள விளையாட்டுச் சாமான் கடையைக் காட்டினான். சுவர்க்கோழி, இரவில் கத்துமே, அது என்று விளக்கியபின் "அது இல்லை அண்ணா, மீல்வோர்ம் இருக்கு" என்றான். லவ்பேர்ட்ஸ், அரோவானா வளர்ப்பவர்களுக்காக மீல்வோர்மும் சூப்பர்வோர்மும் அங்கே எப்போதும் இருக்கும், இரண்டுமே வண்டின் புழுதான், சூப்பர்வோர்ம் பெரிசு. மீல்வோர்ம் 100 புழு 400 ரூபா. எண்ணித்தான் தருவார்கள், ஏமாற்றுவதில்லை, தவிட்டோடு பொலித்தீன் பையில் போட்டு ஊசியால் ஓட்டையும் குத்தித் தருவார்கள். புழுவும் நல்ல சுறுசுறுப்பு. இதுவரைக்கும் கடைக்கு நல்ல பெயர்தான்.

பிழை நடந்தது என் பக்கத்தில். குண்டன் மீல்வோர்மை விழுங்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு, சரி, இவனுக்கு இது பிடித்திருக்கிறது என்று நாலு மாதம் அதையே போட்டேன். கல்சியம் பவுடர் ஒன்றும் தூவவில்லை, புழுவுக்கும் தவிட்டைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. அஞ்சாவது மாதம் பாய்ந்து பிடிக்கும்போது குறி தவற ஆரம்பித்தான். பின்னங்கால் விரல்கள் தானாகத் துடித்தன. ஒருநாள் நீட்டிய காலை மடக்க முடியாமல் கிடந்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அதே கடையில் முதன்முதலாகக் கிரிக்கெட் வந்திருக்கிறது என்று சொல்லிப் பெரிசு பெரிசாகப் பத்து கொடுத்திருந்தார்கள். நேரே போய்ச் சண்டை பிடித்தேன். பொடியன் பெருமையாகச் சொன்னான்: "அண்ணா, அது வயல்ல பிடிச்சது, வளர்த்த சாமான் இவ்வளவு பெருசா வராது." எனக்குத் தலை சுற்றியது. நம் வயல்களில் தத்தி, மடிச்சுக்கட்டி என்று நெல்லைத் தாக்கும் பூச்சி வந்தால் எத்தனை தரம் மருந்து அடிக்கிறார்கள் என்று படுவான்கரையில் சொந்தம் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். மருந்து பட்ட பூச்சி உடனே சாகாமல் வரம்பில் தடுமாறிக்கொண்டு நிற்கும், பிடிக்க லேசாக அகப்படுவதும் அதுதான். அதைப் பிடித்து விற்கிறார்கள்!

ஆனால் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனபோது கதை மாறியது. மாடும் ஆடும் நாயும் பார்க்கிறவர், தவளை தன்னிடம் வந்தது இதுதான் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி "இதுவரை என்ன தீன் குடுத்தீங்க?". சொன்னேன். "நாலு மாசமும் இந்தப் புழு மட்டுமா?" என்றார். கல்சியம் இல்லாமல் போனாலும் இதே துடிப்புத்தான் வருமாம். கீழ்த்தாடையை விரலால் மெல்ல அமத்திக் காட்டினார், ரப்பர் மாதிரி வளைந்தது. அது இரண்டு நாளில் வருகிற வளைவு இல்லை, நாலு மாதத்தில் நான் வரவழைத்தது. வயல் பூச்சியை விற்றது கடையின் குற்றம், அதில் மாற்றமில்லை, ஆனால் தாடை வளைந்ததற்கு அந்தக் கடையை நான் குறை சொல்ல முடியாது.

கல்சியம் திரவம் கொடுத்து ஆறு கிழமையில் எழும்பினான். அந்த ஆறு கிழமையும் நான் இருந்து படித்தேன். கணக்கு இதுதான்: தவளையின் தீனில் பொஸ்பரஸைவிடக் கல்சியம் கூடுதலாக இருக்க வேண்டும், ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு என்ற அளவில். குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை உருவி எடுக்கும். 100 கிராம் மீல்வோர்மில் கல்சியம் 17 மில்லிகிராம் அளவில்தான், பொஸ்பரஸ் 285. சூப்பர்வோர்மில் 18க்கு 237. கிரிக்கெட்டில் 41க்கு 295. அதாவது நல்ல பூச்சி என்று எல்லாரும் சொல்லும் கிரிக்கெட்டும் இந்த விஷயத்தில் தலைகீழ்தான், மற்றதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். கொழுப்பைப் பார்த்தால் கிரிக்கெட்டில் 100 கிராமுக்கு 7 கிராம், மீல்வோர்மில் 13, சூப்பர்வோர்மில் 18. அசையாமல் ஒரே இடத்தில் மண்ணுக்குள் குந்தியிருக்கும் பக்மனுக்கு இந்த 18 என்பது நமக்குத் தினமும் கொத்து ரொட்டி மாதிரி.

ஆக, பூச்சி வாங்கும்போது நாம் காசு கொடுப்பது அந்தப் பூச்சியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதற்குத்தான். இது தெரிந்த பிறகு கடையைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது.

டவுன் கடைக்கு இன்னும் ஒரு குறை இருக்கிறது. சூப்பர்வோர்மை அவர்கள் சோடா வைக்கும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கிறார்கள். மீல்வோர்மை அப்படி வைக்கலாம், குளிரில் அது தூங்கும், கூட்டுப்புழுவாக மாறுவது தள்ளிப்போகும், கிழமைக்கு ஒருக்கா வெளியில் எடுத்துத் தீன் போட்டால் போதும். சூப்பர்வோர்ம் குளிர் தாங்காது, செத்துவிடும். நான் வாங்கிய ஐம்பதில் பாதி வீட்டுக்கு வந்து சூடு பட்டதும் கறுத்துத் துவண்டுவிட்டது. சொன்னேன், "சரி அண்ணா, இனி வைக்கல" என்றான், அடுத்த மாதமும் அங்கேயேதான் இருந்தது. டப்பாவில் காயவைத்த பூச்சியும் விற்கிறார்கள், ஆமைக்கும் மீனுக்கும் அது சரி. தவளைக்கு அசைந்தால்தான் அது சாப்பாடு, அசையாதது கல்லு. டப்பாவை வாங்கி இடுக்கியால் ஆட்டி ஆட்டிக் காட்டிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

இரண்டாவது, கொழும்புப் பார்சல். இணையத்தில் ஓடர் போட்டு இரவு பஸ்ஸில் வருவது. சாமான் தரம் நல்லது, அதில் குறை இல்லை, வளர்த்த கிரிக்கெட், அளவு சொன்னால் அந்த அளவிலேயே அனுப்புகிறார்கள், முட்டைத் தட்டும் கரட் துண்டும் வைத்துப் பொதி செய்கிறார்கள். பிரச்சினை நம்முடைய ஊரின் தூரமும் சூடும். ஒருதரம் கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் 200 எடுத்தேன், பஸ் வந்த பிறகு பெட்டி மத்தியானம் வரை வெயிலில் கிடந்திருக்கிறது, திறந்தால் அறுபதுக்கு மேல் செத்து நாறியது. செத்ததைத் தின்ற மிச்சத்தையும் எனக்குத் தவளைக்குப் போட மனம் வரவில்லை. பூச்சி விலையைவிடப் பஸ் கூலி கூட. அம்மா அன்றைக்குத்தான் வாய் திறந்தா: "மனே, மனிசருக்கு மீன் வாங்கவே காசு கணக்குப் பாக்கிறம், உன்ட தவளைக்கு உயிர்ப் பூச்சியாம், அதுவும் கொழும்பில இருந்தாம்." பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மார்கழி, தை என்றால் பார்சல் எடுக்கலாம், வைகாசி முதல் ஆவணி வரை எடுக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் நான் இப்போது போவது. காத்தான்குடியில் ஒரு நானா, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் கோழிக்கும் காடைக்கும் என்று பூச்சி வளர்க்கத் தொடங்கி இப்போது எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கும் விற்கிறார். பலகை, விளம்பரம் ஒன்றும் கிடையாது. போய் இறங்கியதும் நான் பார்த்தது விலையை இல்லை, மணத்தை. கிரிக்கெட் பெட்டியைத் திறந்தால் மூக்கில் குத்தினால் அங்கே ஈரமும் எச்சமும் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம், அப்படிப்பட்ட பெட்டியில் கிருமியும் பேனும் கூடவே வரும். நானாவின் பெட்டியில் காய்ந்த புல் மணம் மட்டும். முட்டைத் தட்டை உதறினால் கீழே விழுந்ததில் செத்தது இரண்டோ மூன்றோ. காலும் மீசையும் முழுதாக இருந்தன, பசியில் கிடக்கும் கூட்டம் என்றால் ஒன்றையொன்று கடித்துப் பாதிக்கால் இல்லாமல் திரியும்.

"என்ன தீன் போடுறீங்க நானா?" என்று கேட்டேன். "கோழிக்குஞ்சு மாஷ், அதோட பூசணி, பப்பாசி, முருங்கை இலை. நீங்க எடுக்கிறதுக்கு ரெண்டு நாளுக்கு முன்னால சொன்னா உங்கட பெட்டிக்கு முருங்கை கூடப் போட்டு வைக்கன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. கொடுப்பதற்கு ஒன்று இரண்டு நாள் முன்னால் பூச்சியின் வயிற்றை நிரப்புவது என்பதை அவர் எங்கும் படிக்கவில்லை, காடை முட்டை ஓடு மெலிந்து உடைந்தபோது தானாகக் கண்டுபிடித்தாராம். முருங்கை இலையில் கல்சியம் நிறைய. கீரைதானே என்று பசளியைப் போட வேண்டாம், அதில் உள்ள ஒட்சலேற்று கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கொட்டிலில் இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. பெட்டிகள் நிற்கும் மேசையின் நாலு காலும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிற்கின்றன, எறும்பு ஏறாமல். நுளம்புத்திரி கொளுத்துவதில்லை. டெங்குப் புகை அடிக்கும் நாளில் ஈரச் சாக்கைப் போட்டு எல்லாத் துவாரத்தையும் மூடுவாராம், ஒருதரம் மூடப் பிந்தி இரண்டு பெட்டி முழுக்கப் போய்விட்டது. புகையில் தப்பிய பூச்சியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன், "வித்தா பாவம், எரிச்சிட்டன்" என்றார். இதைச் சொன்னதற்காகவே நான் அவரிடம் வாங்குகிறேன்.

கிரிக்கெட் ஒன்று 8 ரூபா. டவுனில் மீல்வோர்ம் நாலு ரூபாதான், ஒன்றுக்கு ஒன்று பார்த்தால் இங்கே இரட்டிப்பு. வளர்ந்த பக்மனுக்குக் கிழமைக்கு இரண்டு நாள் தீன் போட்டால் போதும், அதனால் மாதக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. குஞ்சு வைத்திருப்பவர்கள் தினமும் போட வேண்டும், அவர்களுக்குக் கையைக் கடிக்கும்.

நானாவிடம் கறுப்பு ஈப் புழுவும் இருக்கிறது, பி.எஸ்.எப். (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) என்று கோழிக்காரர்கள் சொல்வது. மற்றப் புழுவெல்லாம் கல்சியத்தில் தலைகீழ் என்றேனே, இது மட்டும் நேர்: 100 கிராமில் கல்சியம் 900 மில்லிகிராமைத் தாண்டும், பொஸ்பரஸ் 350 அளவில். கேட்டதும் இதையே போட்டால் முடிந்ததே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் தோல் தடிப்பு, தவளை மெல்லாமல் விழுங்கும், அப்படியே பின்னால் வந்துவிடும். கரீபியன் தீவுகளில் மலைக்கோழி என்று அழைக்கும் பெரிய தவளையில் சோதித்தபோது, முழுப் புழுவைவிட நசுக்கிக் கொடுத்த புழுவிலிருந்துதான் கல்சியம் நன்றாக உடம்பில் சேர்ந்தது. நசுக்கினால் அசையாது, அசையாவிட்டால் குண்டன் பார்க்க மாட்டான். நான் ஊசியால் இரண்டு இடத்தில் குத்தி உடனே இடுக்கியில் பிடித்துக் காட்டுகிறேன். அருவருப்பான வேலைதான். இந்தப் புழுவை எதில் வளர்த்தது என்றும் கேளுங்கள், சந்தைக் கழிவில் வளர்த்தால் கோழிக்குப் போகட்டும். நானா தவிட்டிலும் மரக்கறித் தோலிலும் வளர்க்கிறார்.

அவரிடம் குறை இல்லையா என்றால் இருக்கிறது. அளவு பிரித்துத் தர மாட்டார், சின்னதும் பெரிசும் கலந்துதான். பக்மனுக்குப் பரவாயில்லை, அவன் வாயே பாதி உடம்பு. சின்ன மரத்தவளை வைத்திருப்பவர்களுக்கு இது சிக்கல், ஏனென்றால் தவளையின் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிட நீளமான பூச்சி கொடுக்கக்கூடாது. தேடித் தேடிப் பொறுக்க வேண்டும். சொல்லாமல் போனால் சில நாள் சாமான் இருக்காது. கல்சியம் பவுடர் போன்ற பக்கச் சாமான் ஒன்றும் அவரிடம் கிடையாது.

அந்தப் பவுடர் இல்லாமல் முருங்கையை மட்டும் நம்ப முடியாது. நான் கணவாய் ஓட்டைப் பயன்படுத்துகிறேன். கல்லடிக் கடற்கரையில் ஒதுங்கும், லவ்பேர்ட்ஸ் கடையிலும் விற்கும். நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்புப் போக்கி, காயவைத்து இடித்து, துணியில் சலித்த மாவு. கொடுக்கும் நிமிடத்தில் பூச்சியைப் பையில் போட்டு மாவோடு ஒரு குலுக்கு. முன்கூட்டியே தூவி வைத்தால் கிரிக்கெட் தன் உடம்பைத் தானே துடைத்துவிடும். கணவாய் ஓட்டில் விற்றமின் டி3 இல்லை, அதற்காகக் கொழும்பிலிருந்து டி3 சேர்த்த பவுடர் ஒரு டப்பா எடுத்து வைத்திருக்கிறேன், கிழமைக்கு ஒருதரம், அதற்கு மேல் போட்டால் அதுவும் கெடுதல். மாதத்தில் இரண்டு தரம் விற்றமின் ஏ உள்ள பவுடர். பூச்சிக்குக் கரட் போட்டால் ஏ வந்துவிடும் என்று நினைத்திருந்தேன், தவளைகள் பல அதை நம்மைப்போல மாற்றிக்கொள்வதில்லையாம், குறைந்தால் நாக்கு ஒட்டும் தன்மையை இழந்து இரையைப் பிடிக்க முடியாமல் போகும்.

பக்கத்து வீட்டு அம்மம்மா நல்ல மனதோடு சொன்னா, "கல்சியம்தானே மனே, வெத்திலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் தடவிக் குடு" என்று. தயவுசெய்து செய்யாதீர்கள். அது தோலை அரிக்கும் காரம், நம் வாயையே பொத்துவிக்கும், தவளையின் தோல் ஈரக் கடதாசி மாதிரி.

அவவின் பேரன் ஒருநாள் போத்தலில் மின்மினி பிடித்துக்கொண்டு வந்தான் குண்டனுக்குக் கொடுக்க. அவன் முகம் வாடும் என்று தெரிந்தும் திறந்து விடச் சொன்னேன். அமெரிக்காவில் ஒன்றிரண்டு மின்மினி தின்றே வளர்ப்பு ஓந்திகள் செத்திருக்கின்றன, அந்தப் பூச்சியின் உடம்பில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. நம்மூர் மின்மினியை வைத்துப் பரீட்சை பார்க்க நான் தயாரில்லை. மயிர்க்கொட்டி, நாற்றப்பூச்சி, குசினிக் கரப்பான், தெருவிளக்கின் கீழ் விழும் வண்டு ஒன்றும் வேண்டாம். மண்புழு நல்லது, மருந்து படாத தோட்டத்து மண்புழு என்றால் பக்மனுக்கு அதைப்போல ஒன்று இல்லை, ஆனால் பசளைக் குழியில் வளர்க்கும் சிவப்புப் புழு கசப்பான மஞ்சள் நீர் விடும், குண்டன் ஒருதரம் வாயில் வைத்துத் துப்பிவிட்டு இரண்டு நாள் என்னை நம்பவில்லை.

போட்ட பூச்சியில் மிச்சத்தை இரவு தொட்டிக்குள் விடாதீர்கள், பசித்த கிரிக்கெட் தவளையின் தோலைக் கடிக்கும். மிச்சத்தைத் தோட்டத்தில் திறந்து விடவும் வேண்டாம், கோழி இருந்தால் கோழிக்குப் போடுங்கள்.

இப்போது என் வழக்கம்: கிரிக்கெட் நானாவிடம், இடைக்கிடை பி.எஸ்.எப்., மண்புழு என் வீட்டு வாழைக்கடியில். சூப்பர்வோர்ம் மாதம் ஒன்றோ இரண்டோ, அதுவும் டவுன் கடையில் ஃப்ரிட்ஜுக்கு வராத புதுப் பெட்டி வந்த நாளில் மட்டும். நாட்டுத் தவளையைப் பிடித்து வளர்க்கலாமா, அதற்கும் இதே தீனா என்று கேட்கிறவர்களுக்கு, வேண்டாம், நம் நாட்டுத் தவளைகளில் பெரும்பாலானவை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவை கிணற்றடியிலேயே இருக்கட்டும்.

நானாவிடம் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் நம்பரை அவரிடம் விசாரித்துவிட்டுத் தருவேன். இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள், முருங்கை போடச் சொல்லுங்கள். மூடியில் வலை வைத்த பெட்டியைக் கையோடு கொண்டு போங்கள், அவர் தரும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வந்தால் மஞ்சந்தொடுவாய் தாண்டுவதற்குள் பாதி பஸ்ஸுக்குள் பாய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா முடிந்து இரண்டு மணிக்குப் பிறகுதான் கொட்டில் திறக்கும்.